கம்ப்யூட்டர் பழசு, மென்பொருள் ஓடவில்லையா? வருமான வரிக் கணக்கை நீங்களே தாக்கல் செய்யும் வழி

வருமான வரித் துறையின் தளத்திலிருந்து மென்பொருளை இறக்கி, அது திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் எங்கள் வீட்டில் இருப்பது, தங்கை பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த விலையில்லா மடிக்கணினி. விண்டோஸ் 7-தான் அதில் இருக்கிறது. என் சம்பளக் கணக்கு, அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு, மஸ்கட்டில் வேலை பார்க்கும் அண்ணனின் கணக்கு ஆகிய மூன்றையும் இப்போது அந்த மடிக்கணினியிலும் கைபேசியிலுமாக நானே முடிக்கிறேன். இந்த நிலைக்கு வருவதற்குள் பட்ட அலைச்சல் கொஞ்சமல்ல. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

சம்பளம், ஓய்வூதியம், வங்கி வட்டி, வீட்டு வாடகை, வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வங்கி வட்டி ஆகிய வருமானம் உள்ளவர்களுக்கு இது போதும். கடை, ஒப்பந்தத் தொழில் என்று கணக்குப் புத்தகம் எழுதித் தணிக்கை செய்யவேண்டியவர்கள் ஆடிட்டரிடமே போங்கள்.

கீழே வரும் தொகைகளும் தேதிகளும் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை வந்த வருமானத்துக்கானவை. அதாவது மதிப்பீட்டு ஆண்டு 2026-27.

1. மென்பொருளைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள்

துறையின் தளத்தில் 'டவுன்லோட்ஸ்' பகுதிக்குப் போனால் இரண்டு வகை தெரியும். ஒன்று எக்செல் கோப்பு. இன்னொன்று கம்ப்யூட்டரில் நிறுவும் ஆஃப்லைன் மென்பொருள்.

எக்செல் கோப்பு முழுக்க முழுக்க மேக்ரோவில், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதிவைத்த சிறு நிரல்களில் ஓடுவது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் எக்செல் இருந்தால்தான் அது வேலை செய்யும். லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் பக்கங்கள் தெரியும், ஆனால் பொத்தானை அழுத்தினால் அசையாது. கைபேசி எக்செலிலும் அப்படித்தான். நிறுவும் மென்பொருளோ பழைய விண்டோஸில் பாதியிலேயே நின்றுவிடலாம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு எழுதப்படும் மென்பொருள் அதில் ஓடவில்லை என்றால் அதைச் சரிசெய்ய உங்களால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. டாட்நெட்டை ஏற்று, விண்டோஸை மாற்று, ராமைக் கூட்டு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். 'சிஸ்டம் மாத்தணும் சாரே' என்று கடையில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏனென்றால், நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மென்பொருளே தேவையில்லை. ஐடிஆர்-1, ஐடிஆர்-2, ஐடிஆர்-4 ஆகிய வருமான வரிக் கணக்குப் படிவங்களைத் தளத்துக்குள்ளேயே, பிரவுசரில் நிரப்பி அனுப்பலாம். கணக்குப் போடும் வேலை அவர்கள் சர்வரில் நடக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால் போதும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளில் எக்செல் கோப்பு முதலில் வெளியாகும், ஆன்லைன் படிவம் சில நாளோ சில வாரமோ கழித்துத் திறக்கும். 2025-ல் ஐடிஆர்-2 ஆன்லைனில் திறந்தபோது ஜூலை பாதி தாண்டிவிட்டது. அந்த ஆண்டு கடைசித் தேதியையும் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். எக்செல் மட்டும் வந்திருப்பதைப் பார்த்துப் பதறி, ஓடாத மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். காத்திருங்கள்.

2. உங்கள் கையில் இருப்பதில் எது ஓடும்?

விண்டோஸ் 7 அல்லது 8.1 என்றால் குரோமின் 109-ஆம் பதிப்புதான் அதில் ஓடும் கடைசிக் குரோம். ஃபயர்ஃபாக்ஸில் 115-ஆம் நீட்டிப்புப் பதிப்பு. இரண்டில் ஒன்று இருந்தால் தளம் திறந்துவிடும். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் முயற்சி செய்யவே வேண்டாம். ஆனால் இந்தப் பழைய பிரவுசர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வரும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் படிவத்தை அதில் நிரப்புங்கள், பணம் கட்டுவதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பு முக்கோணம் வந்தால், பிரவுசரைத் திட்டுவதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் மூடிக்கிடந்த மடிக்கணினிகளில் தேதி எப்போதோ போய் நின்றிருக்கும். எங்கள் வீட்டு மடிக்கணினி 2009 ஜனவரியில் நின்றிருந்தது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கம்ப்யூட்டரின் தேதி அதற்குள் இல்லாவிட்டால் பிரவுசர் உள்ளே விடாது. தேதியையும் நேரத்தையும் சரிசெய்தாலே தளம் திறந்துவிடும். அணைத்துப் போட்டதும் தேதி மறுபடி பின்னால் போகிறது என்றால் உள்ளே இருக்கும் சிறிய வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். அது சில பத்து ரூபாய்ச் சாமான்தான். பழுதுபார்க்கும் கடையில் மாற்றிக்கொடுப்பார்கள்.

அடுத்த தொல்லை, திரை சிறியதாக இருப்பது. படிவத்தின் அடியில் இருக்கும் 'கன்டின்யூ' பொத்தான் கண்ணிலேயே படாது. கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கழித்தல் குறியை அழுத்தி, பக்கத்தை 80 சதவீதத்துக்குச் சுருக்குங்கள்.

விண்டோஸே சரியாக எழும்பவில்லை என்றால் லினக்ஸ் இருக்கிறது. அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்தே பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் அது இப்போது மிகப் பழசு. 8 ஜிபி பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றி, நிறுவாமலேயே 'லைவ்' முறையில் திறந்து, அதில் இருக்கும் ஃபயர்ஃபாக்ஸில் வேலையை முடிக்கலாம். பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக் மாணவர் இருந்தால் அரை மணி நேரத்தில் தயார்செய்து தந்துவிடுவார். விண்டோஸில் இருக்கும் எதையும் அது தொடாது.

கைபேசி மட்டும்தான் என்றாலும் கவலையில்லை. குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், கைபேசியைப் படுக்கையாகப் பிடியுங்கள். ஐடிஆர்-1 முழுவதையும் அப்படியே முடிக்கலாம். ஐடிஆர்-2-க்கு அது கொஞ்சம் கஷ்டம், அட்டவணைகள் நிறைய.

கடைசி வழி, மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு பிரவுசிங் சென்டர். போவதென்றால் நீங்களே உட்கார்ந்து தட்டுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டால் மறுத்துவிடுங்கள். இறக்கிய பிடிஎஃப் கோப்புகளை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். பிரின்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் அதிலிருந்தும் வெளியே வந்துவிட்டு எழுந்திருங்கள்.

3. பான், ஆதார், மொபைல் எண், வங்கிக் கணக்கு

இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் எந்தக் கம்ப்யூட்டராலும் பயனில்லை. ஜூன் மாதம் பிறந்ததும் இதைப் பார்த்துவிடுங்கள்.

பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்பதை உள்ளே நுழையாமலேயே தளத்தின் முகப்பில் பார்க்கலாம். இணைக்காமல் விட்டவர்களுக்கு இப்போது 1,000 ரூபாய் கட்டணம். இணைக்காத பான் செயலிழந்ததாகக் கருதப்படும், கூடுதலாகப் பிடித்த வரியைத் திருப்பித் தரும் ரீஃபண்டும் வராது.

ஆதாரில் இருக்கும் மொபைல் எண் உங்கள் கையில் இருக்கும் எண்தானா? ஓடிபி அதற்குத்தான் வரும். மாற்றவேண்டுமானால் ஆதார் சேவை இருக்கும் அஞ்சலகத்திலோ வங்கிக் கிளையிலோ மாற்றலாம். கட்டணம் 75 ரூபாய். அது பதிவாகச் சில நாள் பிடிக்கும் என்பதால் ஜூலை கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

நம் மாவட்டத்தில் ஆட்களைச் சிக்கவைப்பது பெயர்தான். பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொல்லியிருப்பார்கள். அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். ஆதாரில் வெறும் இனிஷியல் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மனிதர் ஒருவர்தான், ஆனால் தளம் மூன்று பேராகப் பார்க்கும். ஆதாருக்கும் பானுக்கும் பெயர் ஒத்துவராவிட்டால் இணைப்பு நடக்காது. வங்கிக் கணக்கில் ஒத்துவராவிட்டால் ரீஃபண்டுக்கான முன்சரிபார்ப்பு நடக்காது. எதைத் திருத்துவது என்று குழம்பினால், பானில் உள்ளபடி மற்ற இரண்டையும் கொண்டுவருவதே எளிது. வங்கிக் கிளையில் பான் நகலும் ஒரு கடிதமும் கொடுத்தால் போதும்.

வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் பாருங்கள். சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்துவிட்டன. பழைய பாஸ்புக்கில் அச்சடித்திருக்கும் குறியீடு இப்போது செல்லாது.

4. ஆவணங்கள்: தேடி எடுத்து மேசையில் வையுங்கள்

கணக்கோடு எந்தக் காகிதத்தையும் இணைத்து அனுப்பவேண்டியதில்லை. ஆனால் நிரப்பும்போது கையில் இருக்கவேண்டும்.

ஃபார்ம் 16: வேலை கொடுப்பவர் ஜூன் 15-க்குள் தரவேண்டும். வரி பிடித்தம் செய்த எல்லா இடத்துக்கும் இது பொருந்தும். கருவூலம் வழியாக ஓய்வூதியம் வாங்குபவர்கள் கருவூலத்தில் கேளுங்கள், வங்கி வழியாக வாங்குபவர்கள் வங்கியில் கேளுங்கள்.

26ஏஎஸ்: உங்கள் பெயரில் யார் யார் எவ்வளவு வரி பிடித்துக் கட்டினார்கள் என்ற பட்டியல். இதைத் திறக்கும்போது வேறொரு தளம் பிரவுசரில் புதிய டேப்பில் திறக்கும். பாப்-அப் தடுக்கப்பட்டிருந்தால் எதுவுமே நடக்காததுபோலத் தோன்றும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் வரும் சின்னக் குறியைத் தொட்டு அனுமதி கொடுங்கள்.

ஏஐஎஸ்: ஆண்டுத் தகவல் அறிக்கை. வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, நிலம் வாங்கியது என்று துறைக்குத் தெரிந்த அனைத்தும் இதில் இருக்கும். பிடிஎஃப் கோப்பின் பாஸ்வேர்ட், பான் எண் சிறிய எழுத்தில், அதைத் தொடர்ந்து பிறந்த நாள், மாதம், ஆண்டு, இடைவெளி இல்லாமல். 26ஏஎஸ் கோப்புக்குப் பிறந்த தேதி மட்டும் போதும்.

இவற்றோடு ஒவ்வொரு வங்கியிலிருந்தும் வட்டிச் சான்றிதழ். வரி பிடிக்கவேண்டாம் என்று வங்கியில் 15ஜி, 15எச் படிவம் கொடுத்ததால் வரி பிடிக்கவில்லை, ஆகவே அந்த வட்டியைக் காட்டவேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிடித்தம்தான் இல்லை, வருமானம் வருமானம்தான். அதை ஏஐஎஸ் காட்டிக்கொடுத்துவிடும். சேமிப்புக் கணக்கில் விழும் நானூறு, ஐந்நூறு ரூபாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீடு, வீட்டுக்கடன் போன்ற கழிவுகளைக் கேட்டுப் பெறும் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள் காப்பீட்டு பாலிசி எண், வீட்டுக்கடன் கணக்கு விவரம், வீட்டு வாடகை ரசீது எல்லாவற்றையும் வைத்திருங்கள். முன்பெல்லாம் மொத்தத் தொகையைப் போட்டால் போதும். 2025 முதல் ஒவ்வொன்றுக்கும் விவரம் கேட்கிறார்கள்.

ஏப்ரலிலேயே ஓடிப்போய்த் தாக்கல் செய்யவேண்டாம். வரி பிடித்தவர்கள் கடைசிக் காலாண்டுக் கணக்கைக் கொடுக்க மே 31 வரை அவகாசம் உண்டு. அதன்பிறகுதான் 26ஏஎஸும் ஏஐஎஸும் முழுமையாகும். ஜூன் மூன்றாம் வாரம் முதல் ஜூலை பாதி வரை சரியான காலம். அது இடவப்பாதி மழைக்காலமும்கூட. கரன்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. மடிக்கணினியின் பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு பகுதியையும் நிரப்பியதும் 'சேவ் டிராஃப்ட்' கொடுப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். வரைவு தளத்தில்தான் சேமிக்கப்படுகிறது. மடிக்கணினியில் பாதி, கைபேசியில் மீதி என்றுகூடத் தொடரலாம்.

5. எந்தப் படிவம்?

மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள், சம்பளம் அல்லது ஓய்வூதியம், சொந்த வீடு ஒன்று, வங்கி வட்டி என்றால் ஐடிஆர்-1. பங்கு அல்லது பங்குசார் பரஸ்பர நிதியை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தாலும் இதே படிவம்தான். அதற்கு மேல் லாபம் என்றாலோ, நிலம் விற்றிருந்தாலோ ஐடிஆர்-2. சிறு வியாபாரத்தில் கணக்குப் புத்தகம் எழுதாமல் உத்தேச வருமானம் காட்டுபவர்களுக்கு ஐடிஆர்-4.

இங்கே நம் மாவட்டத்துக்காரர்கள் கவனிக்கவேண்டியது இரண்டு.

ஒன்று விவசாய வருமானம். குலசேகரம், அருமனை பக்கம் கொஞ்சம் ரப்பர், வீட்டைச் சுற்றித் தென்னை, வாழை என்று பலருக்கும் இருக்கும். விவசாய வருமானத்துக்கு நேரடி வரி இல்லை. ஆனால் ஆண்டுக்கு அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1 உங்களுக்கு இல்லை, ஐடிஆர்-2-க்குப் போகவேண்டும். மற்ற வருமானத்துக்கான வரியைக் கணக்கிடும்போது விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். 5 லட்சத்தைத் தாண்டினால் நிலத்தின் அளவு, மாவட்டம், அஞ்சல் குறியீடு வரை கேட்கும். ஆசிரியர் வேலையும் ஒரு ஏக்கர் ரப்பரும் இருப்பவர் ஐடிஆர்-1 போட்டால் அது தவறான படிவம்.

இரண்டாவது வளைகுடா. அங்கே ஆண்டு முழுவதும் வேலை பார்ப்பவர் வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர். அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை, வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்ஈ கணக்கு வட்டிக்கும் வரி இல்லை. ஆனால் இந்தியாவில் வரும் பணத்தைப் போடும் என்ஆர்ஓ கணக்கு வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும், ஆக 31.2 சதவீதம் பிடித்துவிடுவார்கள். என்ஆர்ஓ வைப்புத்தொகைக்கு 1,50,000 ரூபாய் வட்டி வந்தால் 46,800 ரூபாய் போய்விடும். இங்கே வேறு வருமானம் இல்லை என்றால் 4 லட்சம் வரை அவருக்கு வரியே கிடையாது. ஆக, அந்த 46,800 ரூபாயும் அவருடையது. கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். எத்தனையோ குடும்பங்கள் இந்தப் பணத்தைக் கேட்காமலேயே விட்டுவிடுகின்றன. பாலைவன வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது, விடாதீர்கள்.

அவர்களுக்கு ஐடிஆர்-2 மட்டுமே, ஐடிஆர்-1 கூடாது. பாஸ்போர்ட்டைப் பார்த்து இந்தியாவில் இருந்த நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். குடியிருக்கும் நாட்டின் பெயர், அங்குள்ள அடையாள எண் ஆகியவற்றையும் கேட்பார்கள். ஆதாரில் உள்ள இந்திய சிம் அணைந்து கிடந்தால் ஓடிபி வராது. அதை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். 12 லட்சம் வரை வரி இல்லை என்று செய்தியில் வருகிறதே, அந்தத் தள்ளுபடி இவர்களுக்கு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. உள்ளே போய் நிரப்புவது

தளத்தின் முகவரி இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். கூகுளில் தேடி முதலில் வருவதைத் தொடாதீர்கள், நீங்களே தட்டுங்கள். உங்கள் பான் எண்தான் பயனர் பெயர். பதிவு செய்யும்போது உங்கள் சொந்த மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். முன்பு யாராவது உங்களுக்காகத் தாக்கல் செய்திருந்தால் அவர் மின்னஞ்சல் இருக்கிறதா என்று பார்த்து உடனே மாற்றுங்கள். நோட்டீஸ் வந்தால் அது அங்கேதான் போகும், உங்களுக்குத் தெரியாமலேயே கெடு முடிந்துவிடும்.

'இ-ஃபைல்', 'இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ்', 'ஃபைல் இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்' என்று போய், மதிப்பீட்டு ஆண்டு 2026-27, முறை 'ஆன்லைன்' என்று தேர்ந்தெடுங்கள். 'ஆஃப்லைன்' என்று கொடுத்தால் மறுபடி அந்த மென்பொருளிடமே கொண்டுபோய் விட்டுவிடும்.

ஐடிஆர்-1-க்குள் ஐந்து பகுதிகள் வரும்: சொந்த விவரம், மொத்த வருமானம், கழிவுகள், கட்டிய வரி, கட்டவேண்டிய வரி. பெரும்பாலானவை ஏற்கெனவே நிரம்பியிருக்கும். நிரம்பியிருப்பதை அப்படியே நம்பி ஓகே கொடுத்துக்கொண்டே போகாதீர்கள். ஃபார்ம் 16, 26ஏஎஸ், வங்கிச் சான்றிதழ் மூன்றோடும் ஒப்பிடுங்கள். ஏஐஎஸ்-ல் ஒரே வட்டி இருமுறை வந்திருப்பது உண்டு. அது தவறு என்று அங்கேயே 'ஃபீட்பேக்' பதியலாம்.

முதல் பகுதியிலேயே ஒரு கேள்வி வரும்: புதிய வரி முறையிலிருந்து வெளியேறுகிறீர்களா? 'ஆம்' என்றால் பழைய முறை, 'இல்லை' என்றால் புதிய முறை. புதிய முறை வேண்டும் என்று நினைத்து 'ஆம்' அழுத்திவிடுபவர்கள் ஏராளம். கேள்வியை நின்று நிதானமாகப் படியுங்கள்.

புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு. கழிவு போக வருமானம் 12 லட்சத்துக்குள் என்றால் உள்நாட்டில் வசிப்பவருக்கு வரி முழுவதும் தள்ளுபடி. பங்கு விற்ற லாபம் போலத் தனி விகிதத்தில் வரி போடும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. சாதாரணச் சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் புதிய முறைதான் பெரும்பாலும் லாபம் என்பது என் கருத்து. பெரிய வீட்டுக்கடன், வாடகை, காப்பீடு எல்லாம் சேர்ந்திருந்தால் மட்டும் இரண்டிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய முறை வேண்டுமென்றால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தே ஆகவேண்டும். தாமதமாகப் போனால் புதிய முறை மட்டும்தான்.

சிறிது நேரம் எதையும் தொடாமல் இருந்தால் தளம் உங்களை வெளியேற்றிவிடும். ஆவணம் தேட எழுந்திருப்பதற்கு முன் சேமித்துவிட்டு எழுந்திருங்கள்.

'ரீஃபண்ட் கூடுதலாக வாங்கித்தருகிறேன், அதில் எனக்கு இவ்வளவு பங்கு' என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். கொடுக்காத நன்கொடையையும் இல்லாத வாடகையையும் எழுதித்தான் அதை வாங்குவார்கள். பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், அதுவும் உங்கள் பெயரில். எழுதிக்கொடுத்தவர் பெயர் எங்கும் இருக்காது.

7. வரி பாக்கி வந்தால்

தளத்திலேயே 'இ-பே டாக்ஸ்' இருக்கிறது. வகை 'செல்ஃப் அசெஸ்மென்ட்'. நெட் பேங்கிங், டெபிட் கார்டு, யுபிஐ எதிலும் கட்டலாம். நேரில் கட்ட விரும்பினால் சலானை அச்சிட்டு வங்கிக்கு எடுத்துப் போகலாம். அந்தச் சலான் 15 நாள்தான் செல்லும்.

ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பொறுமை வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. அதில் 'வரி ஆண்டு 2026-27' என்று ஒன்று உண்டு, அது 2026 ஏப்ரலில் தொடங்கும் ஆண்டு. நாம் இப்போது கட்டுவது 'மதிப்பீட்டு ஆண்டு 2026-27'-க்கு, அதாவது போன ஆண்டு வருமானத்துக்கு. எண் ஒன்று, ஆண்டு வேறு. மாற்றிக் கட்டினால் பணம் தவறான ஆண்டில் போய் நிற்கும், உங்கள் கணக்கில் பாக்கி அப்படியே தெரியும்.

கட்டியதும் ரசீதில் உள்ள, வங்கிக் கிளையைக் குறிக்கும் பிஎஸ்ஆர் எண்ணும் சலான் எண்ணும் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.

8. அனுப்பினால் முடிந்ததா? இல்லை

சரிபார்க்காத கணக்கு தாக்கல் செய்யாத கணக்குக்குச் சமம். அனுப்பிய 30 நாளுக்குள் சரிபார்க்கவேண்டும். ஆதார் ஓடிபி எளிது. உடனே அங்கேயே செய்துவிடுங்கள், நாளை என்று தள்ளாதீர்கள். நெட் பேங்கிங் வழியாகவும் செய்யலாம்.

ஓடிபி வரவே வழியில்லாத பெரியவர்களுக்குக் காகித வழி இருக்கிறது. ஐடிஆர்-வி என்ற ஒரு பக்க ஒப்புகையை அச்சிட்டு, நீல மையில் கையெழுத்திட்டு, பெங்களூரு 560500-ல் இருக்கும் மத்தியச் செயலாக்க மையத்துக்கு அனுப்பவேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளுக்குள் அங்கே போய்ச் சேரும்படி முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். நாகர்கோவிலில் இருக்கும் வருமான வரி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க நினைக்காதீர்கள். இது போகவேண்டிய இடம் பெங்களூரு மட்டும்தான்.

9. காலமும் செலவும்

ஐடிஆர்-1, ஐடிஆர்-2 இரண்டுக்கும் கடைசித் தேதி ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாய். வரி பாக்கி இருந்தால் மாதத்துக்கு 1 சதவீத வட்டியும் சேரும்.

தாக்கல் செய்ய அரசுக்கு ஒரு பைசாவும் கட்டவேண்டாம். ஆகும் செலவு பிரவுசிங் சென்டர் வாடகை, அச்சுக்கூலி, தேவைப்பட்டால் ஸ்பீட் போஸ்ட், ஆதார் திருத்தம், அவ்வளவுதான். இதற்காக ஒரு புதிய மடிக்கணினி வாங்கவே வேண்டாம்.

10. ஆஃப்லைன் மென்பொருள் கட்டாயம் என்றால்

ஆண்டு முழுவதும் பங்கு வாங்கி விற்றவர்களுக்கு ஒவ்வொரு வரியாக ஆன்லைனில் ஏற்றுவது மிகவும் சிரமம், எக்செல்தான் வசதி. அப்போதும் சொந்தக் கம்ப்யூட்டரை மாற்றவேண்டாம். புதிய விண்டோஸும் எக்செலும் உள்ள நண்பரிடம் ஒரு மாலை நேரம் கேளுங்கள். இறக்கிய ஜிப் கோப்பை வலது சொடுக்கி, 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'அன்பிளாக்' என்பதை டிக் செய்த பிறகு விரியுங்கள். செய்யாவிட்டால் மேக்ரோ தடைபட்டு, நல்ல கம்ப்யூட்டரிலும் ஓடாதது போலத்தான் தெரியும். திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' கொடுங்கள். நிரப்பி முடித்தால், தளத்தில் ஏற்றுவதற்கான ஒரு ஜேசன் கோப்பு கிடைக்கும். அதைப் பென் டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் பழைய மடிக்கணினியிலிருந்தே தளத்தில் ஏற்றலாம். அந்தக் கோப்பை உருவாக்கத்தான் புதிய கம்ப்யூட்டர் வேண்டும், அனுப்புவதற்கு அல்ல.

11. அனுப்பிய பிறகு

மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கணக்கு செயலாக்கப்பட்டதும் 143(1) என்ற அறிவிப்பு வரும். அதில் நீங்கள் கொடுத்த தொகை ஒரு பத்தியிலும் அவர்கள் கணக்கிட்ட தொகை பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கணக்கு ஏற்கப்பட்டுவிட்டது. ரீஃபண்ட் இருந்தால் முன்சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு வரும். 'ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பைத் தொடுங்கள்' என்று எஸ்எம்எஸ் வந்தால் தொடாதீர்கள். நிலவரத்தைத் தளத்துக்குள் போய் மட்டுமே பாருங்கள்.

139(9) என்று நோட்டீஸ் வந்தால் கணக்கில் குறை இருக்கிறது என்று பொருள். தவறான படிவம் போட்டிருந்தால் இது வரும். பதில் சொல்ல 15 நாள் அவகாசம். பயப்படவேண்டாம், சரியான படிவத்தில் திருத்தி அதே தளத்தில் பதிலாக அனுப்பினால் போதும். சந்தேகம் இருந்தால் 1800 103 0025 அல்லது 1800 419 0025 என்ற கட்டணமில்லா எண்களில் வேலைநாட்களில் கேட்கலாம். பேசும்போது பான் எண்ணும் ஒப்புகை எண்ணும் கையில் இருக்கட்டும்.